கடைத்தெருவும் கடைசித் தெருவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்படுகிறவர் புதுக்கவிதையின் போக்கைப் பற்றியோ விமரிசனத்தின் வறுமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் வீடு பார்ப்பதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். செயலாளர் சற்றே தயங்கினார். ‘எங்காவது ஓரிடத்தில் வட்டத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவீர்கள் அல்லவா?’ என்றார். நான் போட வேண்டியதில்லை. அந்த முடிச்சு முன்னமே விழுந்து கிடக்கிறது. இந்த மலருக்காகப் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டும் பணி என்னிடம் வந்து சேர்ந்தது. 2014-இல் நடந்த முதற்கூட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் சரிபாதிப் பேர் இப்போது வருவதில்லை. அவர்கள் எழுதுவதை நிறுத்திவிடவில்லை. நம்மோடு அவர்களுக்குப் பிணக்கும் இல்லை. அவர்கள் பெயருக்கு நேரே முகவரி மாறியிருக்கிறது. தாம்பரம் அடிக்கப்பட்டு ஊரப்பாக்கம் என்றும், சேலையூர் அடிக்கப்பட்டுச் சிங்கப்பெருமாள்கோயில் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. கொள்கைகள் பிரிக்காத நம்மை வீட்டுமனைகள் பிரித்திருக்கின்றன.

ஆகவே கேள்வி இதுதான். நம்முடையது போன்ற ஒரு புறநகரில் குடியமர வருகிறவர், ரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் பக்கத்தில் குறுகிய இடத்தில் இருப்பதா? அல்லது தள்ளிப்போய், காற்றும் வெளிச்சமும் உள்ள விரிந்த இடத்தில் இருப்பதா?

தமிழில் ‘கடை’ என்ற சொல்லுக்கு அங்காடி என்றும் பொருள். முடிவு, விளிம்பு என்றும் பொருள். கடைத்தெருவில் இருப்பவரும் கடைசித் தெருவில் இருப்பவரும் ஒரே சொல்லின் இரு முனைகளில் நிற்கிறார்கள். அச்சொல்லுக்கு மூன்றாவதாகவும் ஒரு பொருள் உண்டு. அதை உரையின் இறுதிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். இது ஒரு காலத்தில் ‘தள்ளி’ இருந்த ஊர். காசநோயாளிகளுக்கு நகரத்துப் புகையும் நெரிசலும் ஆகாது, நல்ல காற்று வேண்டும் என்பதற்காகவே 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து இங்கே ஆரோக்கிய நிலையம் அமைத்தார். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுப்புறத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்டு பார்ன்ஸ் மரங்களை நட்டு வளர்ப்பதைத் தம் வாழ்நாள் வேலைகளில் ஒன்றாகக் கொண்டார். நோயாளியும் மாணவனும் அமைதியைத் தேடி வந்த விளிம்பு இது.

இன்று நிலைமை என்ன? சானடோரியம் என்பது நெரிசல் மிக்க ஒரு ரயில் நிலையத்தின் பெயர். கல்லூரியின் மரங்களை நான்கு புறமும் ஊர் சூழ்ந்துகொண்டது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்ததும், விளிம்பில் இருந்ததாக எண்ணியிருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

நடுவும் நகர்கிறது. வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையிலிருந்து புறப்பட்ட காலம் நம்மில் பலர்க்கு நினைவிருக்கும். 2002-இல் அவை கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. வண்டலூருக்கு அப்பால் ‘அமைதியான இடம்’ என்று வீடு வாங்கியவர் ஒரு நாள் காலையில் கண்விழித்தபோது, தென்மாவட்டங்களுக்கெல்லாம் வாசல் தம் வீட்டருகே வந்திருக்கக் கண்டார். ஆகவே நண்பர்களே, தொலைவு என்பது கல்லில் பொறித்த எண் அன்று. அமைதிக்காகத் தள்ளிப் போகிறவர் அமைதியை விலைக்கு வாங்குவதில்லை. சில ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கிறார். இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் பிற கணக்குகள் தெளிவாகும்.

தள்ளி இருப்பதன் பக்கம் உள்ள நியாயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சண்முகம் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினொரு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன் நான். நான்கு குடித்தனங்கள், ஒரே குளியலறை. விருந்தாளி மூன்றாம் நாளும் தங்கினால் வீட்டுக்காரர் முகம் மாறும். ஆணி அடிக்கக் கேட்க வேண்டும். ஆட்டுக்கல் வைக்கக் கேட்க வேண்டும். என் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் கிடந்தன. ஒரு நூலை எடுக்க வேண்டுமென்றால் தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கவிதை எழுத உட்கார்ந்தால், பாதி வரியில் லாரி வந்துவிடும். இந்த வாழ்க்கையிலிருந்து ஒருவன் தப்பிக்க நினைத்தால் அவனை யாரும் பழிக்க முடியாது. சொந்த வாசல், ஒரு கிணறு, ஒரு வேப்பமரம், புத்தகங்கள் நின்றபடி இருக்க ஒரு சுவர் ஆகியவற்றை விரும்புவது பேராசையன்று.

இந்த ஆசைக்கு நாம் பாரதியையும் சாட்சிக்கு அழைத்துக்கொள்கிறோம். காணி நிலம் வேண்டிய பாட்டு மனைவிற்பனைத் துண்டறிக்கைகளில்கூட இடம்பெறும் அளவுக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவர் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது திருவல்லிக்கேணியின் நெருக்கமான தெருவொன்றில், வாடகை வீட்டில். 1921-இல் அவர் மறைந்ததும் அங்கேயேதான். கேட்டது ஒன்று, வாழ்ந்தது வேறொன்று. இதில் முரண்பாடு எதையும் நான் காணவில்லை. ஆசைப்படுவதற்கு ஓர் இடமும், பேசுவதற்கு மனிதரும் கவிஞனுக்கு வேண்டியிருக்கின்றன. இரண்டும் ஒரே முகவரியில் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

2009-இல் நான் தப்பித்தேன். கூடுவாஞ்சேரி நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு மனை. அதில் நானே நின்று கட்டிய வீடு. அம்மா, மனைவி, மகன், நான். அலுவலகம் எழும்பூரில். எனக்கு வண்டி இருந்தது. நிலையத்தில் நிறுத்திவிட்டு ரயிலேறினேன். என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிழை எங்கே என்றால், நான் போட்டது என் கணக்கு மட்டுமே.

அந்தக் கணக்கையும் உங்கள்முன் வைக்கிறேன். தாம்பரம்வரை வரும் ரயில்கள் பல. அதைத் தாண்டிச் செங்கற்பட்டுவரை போகிறவை அவற்றினும் குறைவு. பயண நேரத்தோடு காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால், போகவர நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலைநாள், 30 ஆண்டுப் பணிக்காலம் என்றால் 9,000 மணி. ஒருவர் நாளொன்றுக்கு 16 மணி விழித்திருப்பதாகக் கொண்டால், இது 562 நாள். அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு விழிப்பு. மனையின் விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசுகிற நாம் இந்த ஒன்றரை ஆண்டை விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை. அது முழுவதும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2004-இல் நின்றுபோன மீட்டர்கேஜ் ரயிலின் சன்னலோரத்தில் நான் படித்து முடித்த நாவல்கள் என்னை வளர்த்தவை. ஆயினும் உட்கார இடம் கிடைத்தவர்க்கே அந்தப் பேறு. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவருக்கு, சன்னலோரம் கிடைத்தாலும் கடிகாரந்தான் கண்ணில் படும்.

இனி, நான் போடாத கணக்குகள்.

தாம்பரத்துச் சந்தில் இருந்தபோது என் அம்மா தினமும் காலையில் கடைத்தெருவுக்கு நடந்து போவார். பூ வாங்க முப்பது நிமிடம் ஆகும்; பூவுக்கு இரண்டு நிமிடம், மற்றது பேச்சுக்கு. கீரைக்காரம்மாவின் மருமகள் விவகாரம் முதல் மாவு மில்காரர் வீட்டுக் கல்யாணம் வரை எல்லாம் அவருக்குத் தெரியும். என்னைவிட நல்ல கதைசொல்லி அவர். புது வீட்டில் அவருக்கென்று கிழக்கு பார்த்த ஓர் அறை கொடுத்தேன். பகல் முழுவதும் வாசற்படியில் உட்கார்ந்து ஆளில்லாத சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு மாதம் கழித்து ஒரு மாலை, ‘எப்படிம்மா இருக்கு வீடு?’ என்று பெருமையோடு கேட்டேன். ‘காத்து இருக்கு, தண்ணி இருக்கு, எல்லாம் இருக்குடா. பேச ஆளைத்தான் காணோம்’ என்றார். நான் சிரித்துக்கொண்டே அதைக் கவிதைக்கு ஆகும் என்று குறித்துக்கொண்டேன். அதன்பின் எட்டாண்டுகள் அவர் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். கதை சொல்வது மெல்ல மெல்லக் குறைந்து, பின்னர் நின்றுபோயிற்று. கேட்ட வரியைக் குறித்துக்கொண்டவனுக்குச் சொன்னவருடைய குறையைக் கேட்கத் தெரியவில்லை. இன்றுவரை அந்தக் கவிதையை நான் எழுதவில்லை.

என் மனைவி குறைப்பட்டுக்கொள்ளும் இயல்புடையவர் அல்லர். ஒருமுறை மட்டும், ‘எழுதறதுக்கு அமைதி வேணும்னு நீங்க கேட்டீங்க. எனக்கு அமைதி வேணுமான்னு யாரும் கேக்கல’ என்றார். அவர் தாம்பரத்தில் மாலைதோறும் கிளை நூலகத்துக்குப் போய் வாரப்பத்திரிகைகளைப் படித்துவிட்டு வருகிறவர். புது இடத்தில் பக்கத்து நூலகத்துக்குப் போக இரண்டு வண்டி மாற வேண்டும். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குத் தந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் வரி, மனை போகும் இடமெல்லாம் போகிறது. நூலகம் அந்த வேகத்தில் போவதில்லை. அமைதி கிடைத்த பிறகு நான் என்ன எழுதினேன் என்று கேட்பீர்களானால், சந்திலிருந்த பதினொரு ஆண்டில் இரண்டு தொகுப்புகள்; புது வீட்டில் இதுவரை மெலிந்த தொகுப்பு ஒன்று. வயதும் ஒரு காரணம்தான். எனினும் லாரிச் சத்தமே எழுதவிடாமல் தடுக்கிறது என்று நான் நம்பியிருந்தது பொய் என்பது நிரூபணமாகிவிட்டது.

தள்ளிப் போகிறவர் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு நீரின் கணக்கு. வட்டம் தொடங்கிய மறு ஆண்டு, 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. நம் உறுப்பினர் ஒருவரின் கையெழுத்துப் பிரதிகள் முழுவதும் போய்விட்டன. நம் பகுதி ஏரிகளால் ஆனது. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் அடையாற்றில் சேரும். மனை மலிவாகக் கிடைக்கிறதென்றால் பல நேரங்களில் அதற்குக் காரணம், அந்த நிலத்துக்கு வேறொரு வேலை இருந்தது என்பதே; மழைக்காலத்தில் நீரைத் தாங்குவது அதன் வேலை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கிறோம்; அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்ப்பவர் சிலரே. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவுசெய்வதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதித்தபோதுதான் தம் மனை எந்த வகையைச் சேர்ந்தது என்று பலர் ஆவணத்தைத் தேடி எடுத்தார்கள். நான் சொல்லக்கூடிய எளிய வழி ஒன்று உண்டு. மனை பார்க்கக் கோடையில் போகாதீர்கள். ஐப்பசியில் அல்லது கார்த்திகையில் போங்கள். தரகரைக் கேட்பதோடு நில்லாமல், அந்த ஊரில் மாடு மேய்த்த கிழவர் ஒருவரைக் கேளுங்கள். நீர் எந்த வழியாகப் போகும் என்பதை அவர் கைநீட்டிக் காட்டுவார்.

நம் பழைய நூலொன்று இந்த விவகாரத்தை நாம் எண்ணுவதைவிட நன்றாக அறிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டு பகுதிகளாக இருந்தது. கடலோரத்து வணிகரும் கைவினைஞரும் ஒரு புறம். அரச வீதியும் பெருங்குடியினரும் மறுபுறம். பகல் அங்காடியாகிய நாளங்காடியை இளங்கோவடிகள் இரண்டிற்கும் இடையில், மரம் செறிந்த சோலையில் வைக்கிறார். இரு பாக்கத்தாரும் வந்து சேரும் இடமாகக் கடைத்தெரு அமைந்தது. அதை ஒரு பாக்கத்தாரின் உடைமையாக அவர் காட்டவில்லை. தாம்பரத்துக் கடைத்தெருவின் பெருமையும் அதுவே. கிழக்கும் மேற்கும் ரயில்பாதையால் பிரிந்தவை. ஆனாலும் இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடக்கிற ஓர் இடம் அங்கே இருக்கிறது.

அதே காப்பியத்தில் மதுரையும் வருகிறது. கோவலன் சிலம்பை விற்கக் கடைவீதிக்குப் போகிறான். கண்ணகி, ஆயர் குடியிருப்பில், வேலி சூழ்ந்த ஒரு சிறு மனையில் இருக்கிறாள். நல்ல இடம், பாலும் உண்டு, பாதுகாப்பும் உண்டு, மாதரியின் அன்பும் உண்டு. ஆனால் கடைவீதியில் என்ன நடந்தது என்பது அவளுக்கு வேறொருத்தி வந்து சொல்லித்தான் தெரிகிறது. அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. இதை நான் ஓர் உவமையாக மட்டுமே சொல்கிறேன். காப்பியத்தின் துயரத்தை மனைவிற்பனையோடு சமமாக்க மாட்டேன். எனினும் ஒதுக்கமான இடத்தில் அமர்த்தப்பட்டவரிடம் செய்தி கடைசியாகவே வந்து சேரும் என்ற உண்மை மாறவில்லை. வண்டியில் ஏறிக் கடைவீதிக்குப் போகிறவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வாசலில் காத்திருப்பவர் அதில் வாழ்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இவ்வுரை நேர்மையற்றதாகிவிடும். ‘தேர்வு’ என்ற சொல் கையில் காசு உள்ளவர்க்குரியது. கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்தவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டபோது, அருகா தொலைவா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. வீட்டுவேலை செய்த பெண்ணுக்கு வேலை பழைய இடத்தில், வீடு புதிய இடத்தில். நடுவில் உள்ள தொலைவு அவர் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. நாம் விரும்பித் தள்ளிப் போனதால் பட்ட சிறு வலியைப் பேசும்போது, தள்ளப்பட்டவர்களின் வலியை நினைவில் வைத்திருக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கு அந்தக் கடமை கூடுதலாகவே உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு, இன்றைக்கு வீடு பார்க்கிற இளங்கவிஞர் ஒருவர் என்னிடம் வந்தால் என்ன சொல்வேன்? கடைத்தெரு நல்லது, கடைசித் தெரு தீயது என்று சொல்ல மாட்டேன். ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: ‘உங்கள் வீட்டில் வண்டி இல்லாதவர் யார்?’ தாயாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், பள்ளிக்குப் போகும் பெண்ணாக இருக்கலாம், இருபதாண்டுக்குப் பின் கண்பார்வை மங்கிய நீங்களாகவே இருக்கலாம். அவர் துணையின்றித் தம் காலால் நடந்து எங்கெங்கே போக முடியும் என்று பாருங்கள். ஒரு கடை, ஒரு மருத்துவர், ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, படிக்க ஓரிடம், பேச ஒருவர். இவை அவருடைய நடைக்குள் இருந்தால், அந்த இடம் வண்டலூருக்கு அப்பால் இருந்தாலும் அருகில்தான் இருக்கிறது. இல்லையென்றால், தாம்பரம் மேம்பாலத்துக்கு அடியிலேயே இருந்தாலும் அது தொலைவுதான். தொலைவைச் சம்பாதிக்கிறவரின் வண்டியால் அளக்காமல், வீட்டில் மிக மெல்ல நடக்கிறவரின் காலால் அளக்க வேண்டும் என்பதே என் துணிபு. இதை 2009-இல் எனக்குச் சொல்ல ஒருவர் இருந்தார்; நான்தான் அவரைக் கேட்கவில்லை.

இப்போது வட்டத்துக்கு வருகிறேன். நம் கூட்டங்களுக்கு மறைமலைநகரிலிருந்து ஒரு கவிஞர் வருகிறார். பெயரைச் சொல்வதை அவர் விரும்ப மாட்டார். மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறோம். அவர் தம் கவிதையை முதலிலேயே வாசித்துவிடுகிறார்; ஆறே முக்காலுக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். எட்டு மணிக்குமேல் அவருடைய நிலையத்திலிருந்து வீட்டுப் பக்கம் ஷேர் ஆட்டோ போவதில்லை. நாம் விவாதத்தைத் தொடங்குவது ஏழு மணிக்கு. எத்தனையோ மாதங்களாக அவர் கவிதைகளைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். புகழ்ந்திருக்கிறோம், சண்டையும் போட்டிருக்கிறோம். அதில் ஒரு சொல்லைக்கூட அவர் நேரில் கேட்டதில்லை. பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. கூட்டத்தில் அவர் இருந்தாரா என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

2020-இல் பெருந்தொற்று வந்து நம் எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபோது விந்தையொன்று நடந்தது. கைப்பேசித் திரையில் கூட்டம் நடத்தினோம். வராமற்போன பழைய உறுப்பினர்கள் எல்லோரும் வந்தார்கள். அந்தக் கவிஞரும் இறுதிவரை இருந்தார். நன்றியுரை சொன்னதே அவர்தான். தொற்று தணிந்ததும், நேரில் கூடுவதே கூட்டம் என்று நாம் பழைய மாடிக்குத் திரும்பினோம். நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். நேரில் கூடுவதன் சிறப்பை இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கையைத் தூக்கியபோது, யார் விடைபெற்றுக்கொண்டார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்கு மனை வாங்கிய அதே பிழை. இம்முறை வட்டத்துக்காகச் செய்தேன்.

ஆதலால் பதினோராம் ஆண்டுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிப்போம். தொலைவிலிருந்து வருகிறவரின் படைப்பை முதலில் வாசித்து, அப்போதே விவாதிப்போம். மூன்று கூட்டங்களில் ஒன்றைக் கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ நடத்துவோம். கடைத்தெருக்காரர்கள் அன்று ரயிலேறி வரட்டும். முதற்கூட்டத்துக்கு இடம் தேட வேண்டாம். என் வீடு இருக்கிறது. வேப்பமரம் பெரிதாகிவிட்டது, முப்பது பேர் அதன்கீழ் உட்காரலாம். நிலையத்திலிருந்து அழைத்துவர வண்டிக்கு நான் பொறுப்பு.

தொடக்கத்தில் ‘கடை’ என்ற சொல்லுக்கு மூன்றாவது பொருள் உண்டு என்றேன். வாயில் என்பதே அப்பொருள். பாணரும் புலவரும் வந்து நின்றது புரவலர்களின் கடையில்தான். வீடு அங்காடிக்கு அருகில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்பதைக் காசும் காலமும் தீர்மானிக்கலாம். அதன் வாயிலுக்கு யாரேனும் வருகிறார்களா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். எட்டாண்டுகள் என் வாயிலில் ஒருவர் காத்திருந்தார். பேச ஆள் வரவில்லை. இனியாவது வரட்டும்.